லேசில் பற்றாத எண்ணெய்

ஏப்ரல் 7

தீக்காயப் பிரிவில் என்னைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர், வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டைரியைக் கையில் கொடுத்தார். "தினமும் நன்றி சொல்ற மாதிரி ஒண்ணாச்சும் எழுதுங்கண்ணே. பெரிசா இருக்கணும்னு இல்ல" என்றார். மாதக்கணக்கில் அது அலமாரியில் கிடந்தது. இன்றுதான் எடுத்தேன். காரணம் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

முதலில் வேலைகள். காலையில் இட்லி, தேங்காய்ச் சட்னி. பாத்திரம் துலக்கியாயிற்று. மதியம் சோறு, அவித்த பீன்ஸ், சாம்பார், மோர். திண்டுக்கல்லில் டிரான்ஸ்பார்மர் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் இன்னாசி என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்த இன்னாசி இப்போது சமையல் இலாகா. பட்டறையை என் மனைவி பிலோமினா நடத்துகிறாள். அவள் தம்பி சவரிமுத்து செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறான். நான் அந்தப் பக்கம் போவதில்லை, வெயில் பட்டால் கைத்தோல் எரிகிறது. பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே கூரைக்கு அடியில்தான் இருக்கிறது. இருந்தாலும் சூடு சூடுதானே.

போன வருடம் ஒரு மில்லில் டிரான்ஸ்பார்மர் எண்ணெய் பற்றிக்கொண்டது. வலது கை, கழுத்து. சவரி இழுத்துப் போட்டான். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

சாம்பாரில் தாளிதம் இல்லையென்று சவரிக்குக் குறை. "மச்சான், ஆஸ்பத்திரி சாப்பாட்ட வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்க" என்றான். டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னேன். எந்த டாக்டர் என்று அவன் கேட்பதற்குள் பிலோமினா அவன் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டாள். மாதாமாதம் மளிகையோடு கடலை எண்ணெய் பாக்கெட்டும் வாங்கி அடுக்குகிறாள். ஒன்றையும் பிரிக்கவில்லை.

டைரியை எடுத்த காரணம்: சாயங்காலம் இன்ஜினியரிங் காலேஜ் பேராசிரியை ஒருவர் வந்தார். தமயந்தி என்று பெயர். டிரான்ஸ்பார்மருக்கு ஒரு புது எண்ணெய் செய்திருக்கிறாராம், எங்கள் பட்டறையோடு சேர்ந்து சோதிக்க வேண்டுமாம். நாளைக்கு வந்து காட்டுகிறாராம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பிலோமினாவை அக்கா என்று கூப்பிட்டார். படித்தவர்களுக்கு என்ன பணிவு!

இன்றைய நன்றி: தேங்காய் முற்றலாக இல்லை.

ஏப்ரல் 8

அந்த அம்மா சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கிற எண்ணெய்க்கு இரண்டு வேலை. காயிலின் சூட்டை வாங்கி வெளியே தள்ள வேண்டும். மின்சாரம் இடம் விட்டு இடம் பாயாமல் தடுக்கவும் வேண்டும். இத்தனை காலமும் நாம் ஊற்றுவது பூமியிலிருந்து எடுக்கிற எண்ணெய். இவர் செய்திருப்பது தவிட்டெண்ணெய். நன்றாகச் சுத்தம் செய்து, ஈரத்தை எடுத்து, அதில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்திருக்கிறார். பெயிண்டில் போடுகிற பொடிதான், ஆனால் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுணுக்கியது. நானோ என்கிறார்கள். தீப்பொறி எண்ணெய்க்குள் பாய ஓடும்போது, அந்தப் பொடி நாலு பக்கமும் நின்று அதன் சட்டையைப் பிடித்து இழுக்குமாம். சூட்டையும் கொஞ்சம் வேகமாகக் கடத்துமாம். கீழே சிந்தினால் மண்ணுக்கும் கெடுதல் இல்லை.

குறைகளையும் அவரே சொன்னார். கொஞ்சம் கெட்டி. காற்றுப் பட்டால் கெடும், ஈரத்தை இழுக்கும். பொடியும் சும்மா விட்டால் அடியில் தங்கும். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

பிறகு இரண்டு இரும்புக் கிண்ணத்தில் இரண்டு எண்ணெயையும் அடுப்பில் காய்ச்சி, மேலே நெருப்பைக் காட்டி வித்தியாசம் காட்டப்போவதாகச் சொன்னார். அப்போதுதான் வீட்டில் கொத்தமல்லி இல்லை என்று ஞாபகம் வந்தது. மார்க்கெட் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பழைய எண்ணெய்க் கிண்ணத்தைத் தட்டு போட்டு மூடியிருந்தார்கள், புகை வாடை அடித்தது. தவிட்டெண்ணெய்க் கிண்ணம் சும்மா உட்கார்ந்திருந்தது. "இதுவும் பிடிக்கவே பிடிக்காதுன்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா லேசுல பிடிக்காது. அதோட சூட்டுக்கு ரெண்டு மடங்கு வேணும்" என்றார் தமயந்தி மேடம். பிலோமினா என் கையைப் பார்த்தாள். கொத்தமல்லி வாங்க மறந்திருந்தேன்.

ஏப்ரல் 20

உயிர்ப்புப் பெருவிழா, அதாவது ஈஸ்டர். ராத்திரி திருவிழிப்புப் பூசையில், கோயில் வாசலில் புது நெருப்பு மூட்டி மந்திரிக்கும்போது நான் வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் இருந்தேன். யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. மட்டன் குழம்பை பிலோமினாவின் அண்ணி கொடுத்தனுப்பினார். அவருக்கு நன்றி.

ஏப்ரல் 21

சோதனை முடிவாகிவிட்டது. காலேஜ் விடுதிக்கு மின்சாரம் தருகிற டிரான்ஸ்பார்மரை நாங்கள் ஏற்கெனவே ரிப்பேருக்குக் கொண்டுவந்திருக்கிறோம். மே மாத லீவு முடிவதற்குள் அதில் புது எண்ணெயை ஊற்றி, திரும்ப நிறுத்தி, சார்ஜ் செய்ய வேண்டும். அதாவது மின்சாரம் கொடுத்து உயிர்ப்பிப்பது.

ஒரே சிக்கல். மின்சாரம் கொடுக்கும்போது லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பட்டறையில் லைசென்ஸ் என் பேரில்தான் இருக்கிறது. மதுரையில் என் நண்பர் ஒருவருக்கும் உண்டு, அவரை அழைக்கலாம், தங்கமான மனிதர் என்று சொன்னேன். என் தோலுக்கு மே மாத வெயில் ஆகாது என்பதையும் சொன்னேன்.

பிலோமினா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கோபமெல்லாம் இல்லை.

"நீங்க நிக்கறதா இருந்தா செய்வோம். இல்லன்னா வேணாங்க. வேற ஆள வச்சு இந்த வேலைய நான் செய்ய மாட்டேன்" என்றாள்.

வேலை நல்ல வேலை, நாலு பேர் பார்ப்பார்கள். என்னால் கெட்டது என்று இருக்கக் கூடாது. சரி என்றேன். மே மாதம்தானே, அதற்குள் எத்தனையோ நடக்கும். மழைகூட வரலாம்.

ஏப்ரல் 29

இன்று நான் பட்டறையில் வேலை செய்தேன்! சிஸ்டர் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்.

பிலோமினாவும் சவரியும் செம்புக் கம்பி எடுக்க மதுரை போய்விட்டார்கள். புது எண்ணெய் வந்து நாலைந்து நாளாக ஓரமாக நின்றது. எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு, போட்டவன் நான்தான்: எந்த எண்ணெயும் வடிகட்டாமல் டிரான்ஸ்பார்மர் டேங்கில் இறங்கக் கூடாது. புது பீப்பாயாக இருந்தாலும், கம்பெனி சீல் இருந்தாலும், வடிதாள் மிஷினில் ஓடித்தான் வர வேண்டும். தூசு ஒன்று போனாலும் காயிலுக்கு ஆபத்து. சவரிக்கு இதைத் திட்டித் திட்டியே பழக்கினேன். சரி, அவர்கள் வருவதற்குள் நாமே முடித்து வைப்போம் என்று தோன்றியது.

பின் கொட்டகையில் மிஷின் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. தாள்களை அடுக்கி, இறுக்கி, ஓட்டினேன். எண்ணெயைச் சூடாக்கி இளக்குகிற ஹீட்டரைப் போடவில்லை, தேவைப்படவில்லை. எண்ணெய் மெதுவாக வந்தது. தாள்கள் அடிக்கடி அடைத்துக்கொண்டன, மேலே வெள்ளையாக மாவு படிந்திருந்தது. தவிடுதானே, இருக்காதா பின்னே. மாற்றி மாற்றிப் போட்டு வடிகட்டியதில் எண்ணெய் கண்ணாடி மாதிரி வந்தது. டேங்கிலும் இறக்கிவிட்டேன்.

பிலோமினா வந்து பார்த்தாள். மிஷினைத் துடைத்தாள். ஏற்கெனவே நான் துடைத்திருந்தேன். திரும்பவும் துடைத்தாள்.

நன்றி: எண்ணெய் சிந்தவில்லை. கொஞ்சம்தான்.

மே 3

தமயந்தி மேடம் டேங்கிலிருந்து எண்ணெய் எடுத்துச் சோதித்தார். அதற்கென்று ஒரு பெட்டி உண்டு. எண்ணெய்க்குள் இரண்டு உருண்டைகளைச் சின்ன இடைவெளியில் வைத்து, மின்அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். எந்த அளவில் பொறி பாய்கிறதோ அதுதான் எண்ணெயின் தாங்கும் சக்தி. லேபில் எழுபது கிலோவோல்ட்டைத் தொட்டதாம். இங்கே ஐம்பதைத் தாண்டவில்லை. வெறும் தவிட்டெண்ணெயின் கணக்குதான்.

மூன்று முறை பார்த்தார். முகம் சின்னதாகிவிட்டது. எதனால் என்று தெரியாமல் ஒரு விடுதிக்கு மின்சாரம் கொடுக்க முடியாது, பழைய எண்ணெயையே ஊற்றித் தந்துவிடுங்கள், சோதனையை நிறுத்திக்கொள்கிறேன் என்றார். திங்கட்கிழமை வந்து பீப்பாய்களை எடுத்துப் போகிறாராம். பிலோமினா அவரைத் தேற்றிக்கொண்டு தெருமுனைவரை போனாள்.

அப்படியானால் நான் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. பழைய எண்ணெய்க்கு மதுரை நண்பர் போதும்.

தயிர் நன்றாக உறைந்திருந்தது.

மே 4

அலமாரியைத் துடைத்தேன். எண்ணெய் பாக்கெட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினேன். வடிதாள்கள் இன்னும் குப்பைக் கூடையில்தான் இருக்கின்றன. நாளைக்குக் குப்பை வண்டி வரும்.

மே 5

வண்டி வந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனேன். குப்பை வாங்குகிற பெண் கை நீட்டினார். இன்றைக்குக் குப்பை இல்லை என்றேன். நிறைந்த கூடையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னவனை அவர் என்னவென்று நினைத்திருப்பாரோ.

நான் ஒன்றும் தியாகி இல்லை. சனிக்கிழமையே எனக்குத் தெரியும். மேடம் முகம் சின்னதானபோதே அந்த வெள்ளை மாவு என் கண் முன்னால் வந்து நின்றது. இரண்டு நாளாக நிம்மதியாக இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு மனுஷியின் உழைப்பைக் கூடையில் போட்டு மூடிவிட்டு எதற்கென்று நன்றி எழுதுவது?

மேடம் வந்ததும் சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பினேன். நான்தான் வடிகட்டினேன் என்று சொன்னேன். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என் ஆராய்ச்சி மொத்தமும் இந்தத் தாள்ல இருக்கு சார். காத்துப் படாம வைங்க, பீப்பாய உருட்டிட்டு ஊத்துங்கன்னு எல்லாம் சொன்னேன். வடிகட்டாதீங்கன்னு சொல்லத் தோணவே இல்ல. லேப்ல யாரும் வடிகட்ட மாட்டாங்களே."

உடனே அவருக்கு இன்னொரு யோசனை வந்துவிட்டது. பொடி தனித்தனியாக இருந்திருந்தால் எங்கள் தாளில் பெரும்பாலும் தப்பிப் போயிருக்குமாம். நின்ற இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சூடுபடுத்தாத கெட்டி எண்ணெயில் கூட்டமாக வந்து மாட்டியிருக்கிறது. அது ஒட்டாமல் இருக்கச் சேர்க்கிற சரக்கை இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும், இது தெரியாமல் மின்சாரம் கொடுத்திருந்தால் பின்னால் கஷ்டமாகியிருக்கும், நல்லதாகப் போயிற்று என்றார். அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: "ஏன் சார் ஹீட்டர் போடல?"

நான் தாள்களை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தேன்.

"ஹீட்டர் ரிப்பேரு தமயந்தி" என்றாள் பிலோமினா.

ஹீட்டரில் ஒரு கோளாறும் கிடையாது. போன மாதம்கூட சவரி ஓட்டினான். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மே 13

புது எண்ணெய் தயாராவதைப் பார்க்க காலேஜுக்குப் போனோம். பிலோமினாதான் வண்டி ஓட்டினாள். இன்று செவ்வாய்க்கிழமை. லேப் வாசலில் உட்கார்ந்திருந்த உதவியாளர் அவளைப் பார்த்து எழுந்து நின்று, "வாங்கக்கா. செவ்வாக்கெழம ஆனா வந்துருவீங்களே, ஏன் ரொம்ப நாளா காணோம்?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை அவள் போவது அந்தோணியார் கோயில் நவநாள் செபத்துக்கு. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த காலம் முழுக்க, சவரியை என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, நவநாளுக்குப் போய்வருகிறேன் என்றுதான் கிளம்புவாள். திரும்பி வந்து நெற்றியில் சிலுவை போட்டுவிடுவாள்.

அவள் பீப்பாய்ப் பக்கம் போனதும் மேடத்திடம் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறாள் போல. பிறகு சொன்னார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வருவாங்க சார். பேப்பர்ல என்னைப் பத்தி வந்த சின்ன செய்திய மடிச்சு எடுத்துட்டு வந்தாங்க. தீப்பிடிக்காத எண்ணெய் இருக்காமேன்னு கேட்டாங்க. இன்னும் தயாராகலன்னு சொன்னேன். அடுத்த வாரமும் வந்தாங்க. அதுக்கடுத்த வாரமும். இங்க ஒக்காந்து வேலைய பாத்துட்டு இருப்பாங்க. ஒரு நாள் நான் சலிச்சுப் போயி, எதுக்குக்கா இவ்ளோ அவசரம்னு கேட்டேன். 'அவரு டிரான்ஸ்பார்மர்னா உசுரு. கட்டில்ல படுத்துக்கிட்டு இனி அந்தப் பக்கம் போவ மாட்டேன்னு தூக்கத்துல பொலம்புறாரு. எனக்கு அவரு திரும்ப அங்க நிக்கணும்'னாங்க. நான் இந்த எண்ணெய லேபோட விட்டுறலாம்னுதான் இருந்தேன் சார், அவங்கதான் பட்டறைக்கு வரச் சொன்னாங்க."

பட்டறைக்குப் பேராசிரியை தேடி வந்தார் என்று நினைத்தேனே. நானும் ஒரு புத்திசாலி.

நெருப்புக் காட்டும் சோதனையை இன்னொரு தடவை செய்ய முடியுமா என்று கேட்டேன். செய்தார். கதவோரமாக நின்று பார்த்தேன். பழைய எண்ணெய் குப்பென்று பற்றியபோது கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டேன், ஆனால் வெளியே போகவில்லை. தவிட்டெண்ணெய் பற்றவில்லை. மேலே காட்டின நெருப்பு தானாக அலைந்துவிட்டு அடங்கியது.

வரும்போது வண்டியை நான் ஓட்டினேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கு நன்றி எழுதப் போவதில்லை, ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

மே 22

காலையில் மேகம் போட்டது. மழை வந்தால் தள்ளிப்போடலாம் என்று ஒரு நிமிடம் பார்த்தேன். அதுவாகவே கலைந்துவிட்டது.

புது எண்ணெய் நேற்றைய சோதனையில் எழுபதைத் தாண்டியது. வடிகட்டாமல்தான் ஊற்றினோம். பட்டறைச் சட்டத்தை மீற சவரிக்கு மனசே வரவில்லை, என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

விடுதிக்குப் பின்னால் மேடையில் டிரான்ஸ்பார்மர். கம்பி வேலிக்கு வெளியே பிலோமினா தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுவிட்ச் கைப்பிடியைத் தள்ளும் வேலை சவரியுடையது. நான் பக்கத்தில் நின்று சரி என்று சொன்னால் போதும்.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், இத்தனை நாள் மறைத்தது போதும். எனக்குப் பயமாக இருந்தது. வெயில் இல்லை, தோல் இல்லை. பயம். மில்லில் அன்றைக்கு வந்த அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே இருந்தது. கொத்தமல்லி வாங்கப் போகவும் வழியில்லை.

சவரி அருகில் வந்து, "மச்சான், அன்னிக்கு நின்ன மாதிரி ஒங்க பின்னாடியே நிக்கறேன். இழுக்கணும்னா இழுத்துருவேன்" என்று மெல்லச் சொன்னான்.

அவன் பின்னால் நின்றால் கைப்பிடியை யார் தள்ளுவது? கையுறையை நான் வாங்கி மாட்டிக்கொண்டேன். வலது கை. விரல் முழுதாக மடங்காது, இருந்தாலும் பிடித்தது. பிலோமினாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தள்ளினேன்.

டிரான்ஸ்பார்மர் முனகத் தொடங்கியது. இரைச்சலும் இல்லை, பொறியும் இல்லை. நல்ல டிரான்ஸ்பார்மரின் அந்த ஒரே சீரான முனகல். எத்தனை வருடமாகக் கேட்ட சத்தம்! அதைக் கேட்காமல் ஒரு வருடம் எப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. வெப்பமானியைப் படிக்க முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். யாரும் சொல்லாமலேயே போனேன்.

ஜூன் 2

காலேஜ் திறந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள். விடுதி முழுக்க மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, எல்லாம் ஓடுகிறது. தமயந்தி மேடம் போன் செய்தார். போன வருடம் இதே பாரத்துக்கு இருந்ததைவிட டேங்க் சூடு குறைவாக இருக்கிறதாம். மழைக்காலத்தையும் தாண்டட்டும், அதுவரை பெருமை பேச மாட்டேன் என்றார். குரல் மட்டும் பெருமை பேசிக்கொண்டிருந்தது.

இனி காலையில் நான் பட்டறை, சாயங்காலம் சமையல். பிலோமினாவுக்கு இந்த ஏற்பாடு சம்மதம். பின் கொட்டகை மிஷினில் எச்சரிக்கை எழுதி ஒட்டினேன்: மேடத்தின் எண்ணெயை வடிகட்டக் கூடாது. கீழே சவரி, ஹீட்டர் நல்லா இருக்கு என்று சின்னதாக எழுதி வைத்திருக்கிறான். கிழிக்கவில்லை.

சாயங்காலம் சாம்பார் கொதித்து முடிந்தது. அலமாரியிலிருந்து ஒரு கடலை எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கடித்துப் பிரித்தேன். தாளிக்கிற கரண்டியை அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்றினேன். காயும்வரை பக்கத்திலேயே நின்றேன். கடுகைப் போட்டேன். படபடவென்று வெடித்தது. ஒன்றிரண்டு கையில் தெறித்தன.

சத்தம் கேட்டு பிலோமினா சமையலறை வாசலுக்கு வந்தாள். அங்கேயே நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என்ன என்றேன். புகை என்றாள்.

புகையே இல்லை.

"கருவேப்பிலைய போடுங்க, கடுகு கருகிரும்" என்றாள்.

போட்டேன்.

இன்றைய நன்றி: அத்தனை செவ்வாய்க்கிழமைகளுக்கும்.